அட்லாண்டிக்கில் ஒரு ஆபீஸ்!

மேனேஜர் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல், பேசாமல் கண்காணாத இடத்துக்குப் போய்விடலாமா என்று யோசிக்காத ஆபீஸ்வாசி உண்டா? நிஜமாகவே அப்படிக் கிளம்பிப் போன ஒரு பெண்மணியின் வீட்டை உங்களுக்குச் சுற்றிக் காட்டப் போகிறேன். நான் நேரில் போனதில்லை. போனாலும் உட்கார இடம் கிடையாது. அங்கே இருப்பது ஒரே ஒரு ஸீட்!

பெயர் ராஸ் சாவேஜ். இங்கிலாந்துக்காரர். ஆக்ஸ்போர்டில் சட்டம் படித்துவிட்டு, 11 வருஷம் மேனேஜ்மென்ட் கன்சல்டன்ட்டாக இருந்தவர். வயது முப்பதைத் தாண்டிய பிறகு ஒருநாள் பேனாவை எடுத்து, தனக்குத் தானே இரங்கல் குறிப்பு எழுதிப் பார்த்தார். ஒன்றல்ல, இரண்டு. இப்படியே காலம் தள்ளினால் பேப்பரில் என்ன வரும் என்பது ஒன்று. ஆசைப்பட்டபடி வாழ்ந்தால் என்ன வரும் என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே ஆளுடையது மாதிரியே இல்லை. விட்டார் வேலையை!

2005 நவம்பர் 30. கானரி தீவுகளில் உள்ள லா கொமேராவிலிருந்து படகுப் போட்டி. அக்கரை, கரீபியனில் உள்ள ஆன்டிகுவா. சுமார் 3,000 மைல். மோட்டார் கிடையாது, பாய் கிடையாது. இரண்டு கை, ஒரு ஜோடி துடுப்பு, உபரியாக இன்னொரு ஜோடி.

வாங்க, வீட்டைப் பார்ப்போம். மொத்த நீளமே 23 அடி. ஒரு முனையில் பெட்டி மாதிரி ஒரு சின்ன அறை. படுக்கலாம்; நிமிர்ந்து நிற்க முடியாது. நடுவில் மொட்டை மாடி. அங்கேதான் முன்னும் பின்னும் நகரும் அந்த ஸீட். சமையலறை என்பது ஒரு சின்ன ஸ்டவ். குடிதண்ணீருக்கு, கடல் நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் மெஷின். அதற்குக் கரன்ட் கொடுப்பவர் சூரிய பகவான். பாத்ரூம்? ஒரு பக்கெட். தோட்டம்கூட உண்டு சார்! பயறை முளைகட்டி வைத்துப் பச்சையாகச் சாப்பிடுவார்.

ட்யூட்டி தினம் 12 மணி நேரம். ஞாயிறு கிடையாது, கேஷுவல் லீவு கிடையாது. அதிலும் துடுப்புப் போடுகிறவர் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். வந்த வழி தெரியும், போகிற வழி தெரியாது. நம் ப்ரமோஷன் மாதிரி!

நான் பி.காம். என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆன்டிகுவா போய்ச் சேர அவருக்கு 103 நாள் ஆனது. நிமிஷத்துக்கு 14 தடவை துடுப்புப் போட்டார் என்று வைத்தாலே 10 லட்சத்தைத் தாண்டுகிறது. சராசரி வேகம் மணிக்கு ஒன்றேகால் மைல்கூட இல்லை. கத்தரிக்காய் வாங்கக் கடைக்கு நடக்கும் வேகத்தில் பாதிக்கும் கீழே.

இதில் பற்று வரவு வேறு. எதிர்க்காற்றும் எதிர்நீரோட்டமும் சேர்ந்துவிட்டால், பகல் முழுக்கக் கை வலிக்கச் சம்பாதித்த மைல்களை ராத்திரி தூக்கத்தில் கடல் திரும்ப எடுத்துக்கொள்ளும். காலையில் பார்த்தால் நேற்றைக்கு இருந்த இடத்துக்குப் பின்னால் நிற்போம். யாரிடம் போய் மனு கொடுப்பது?

உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு உட்காரும் இடமெல்லாம் புண். தோள்பட்டையில் தீராத வலி. பாதி வழி போவதற்குள் நாலு துடுப்பும் ஒடிந்தன. ஒட்டுப் போட்டு, கட்டுப் போட்டு ஓட்டினார். ஸ்டவ் செத்தது. பிறகு ஆறின சோற்றுக் கதைதான். கடைசி 24 நாள் சாட்டிலைட் போனும் மௌனம். அம்மாவிடம் 'நான் நல்லா இருக்கேன்' என்று சொல்லக்கூட வழியில்லை. 2006 மார்ச்சில் கரையேறினார்.

அதோடு விட்டாரா? 2007-ல் பசிபிக்கில் இறங்கினார். படகு மறுபடி மறுபடி கவிழ்ந்து, பத்தே நாளில் கோஸ்ட் கார்டு ஹெலிகாப்டரில் திரும்பினார். 2008-ல் மறுபடியும் கிளம்பினார். இந்தத் தடவை தண்ணீர் மெஷின் மக்கர். அதே சமயம் அதே கடலில் இரண்டு பேர், 15,000 பிளாஸ்டிக் பாட்டில்களைக் கட்டிய மிதவையில் போய்க்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் குப்பைக்கு எதிராகப் பிரசாரம். அவர்களிடம் சாப்பாடு தீர்ந்துகொண்டிருந்தது. நடுக்கடலில் சந்திப்பு! இவர் சாப்பாடு கொடுத்தார், அவர்கள் தண்ணீர் மெஷின் கொடுத்தார்கள். காசு, ரசீது எதுவும் இல்லாத இந்த வியாபாரத்தை எந்த காமர்ஸ் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

2010-க்குள் பசிபிக் முடிந்தது. 2011-ல் இந்து மகாசமுத்திரம், 154 நாள். மூன்று பெருங்கடலையும் தனியாகத் துடுப்புப் போட்டுக் கடந்த முதல் பெண் இவர்தான்.

எனக்கு ஆச்சரியம் வீரத்தில் இல்லை. ஆபீஸைவிட்டு ஓடினவர், ஆபீஸைவிடக் கறாரான டைம்டேபிளில் அல்லவா போய் மாட்டிக்கொண்டார்? அதே ஸீட், அதே வேலை, இன்றைக்கும் நேற்று மாதிரியே. ஒரே வித்தியாசம், அந்த டைம்டேபிளைப் போட்டது அவரே. லேட்டாக வந்தால் சிவப்பு மையில் கோடு போட ஆள் இல்லை. ஆனாலும் தினமும் போய் உட்கார்ந்தார்.

ஆகவே ராஜினாமா எழுத உட்காருகிற தம்பிகளே, முதலில் அந்த இரண்டு குறிப்பையும் எழுதிப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி வந்தால் நீங்கள் பாக்கியசாலி. பேசாமல் திங்கட்கிழமை ஆபீஸ் போங்கள்.

இன்னொரு சேதி. 2024 தேர்தலில் ஜெயித்து ராஸ் சாவேஜ் பிரிட்டிஷ் பார்லிமென்ட் உறுப்பினர் ஆனார். மூணு கடல் தாண்டியும் மீட்டிங்கிலிருந்து தப்ப முடியவில்லை, பாருங்கள்!