பிடித்ததைப் படி!

நேயர்களே, ஒரு குற்றத்தை ஒப்புக் கொள்வதற்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். பயப்பட வேண்டாம், போலீஸ், கோர்ட்டு என்று போகிற குற்றமல்ல. ஒரு பையன் என்னிடம் வழி கேட்டான். நான் அவனுக்கு ஒரு பொன்மொழியைச் சொல்லி அனுப்பி விட்டேன். அவ்வளவுதான்.

சென்னையில் நாங்கள் குடியிருக்கும் தெருவின் முனையில் ஓர் இட்டிலிக் கடை இருக்கிறது. கடை என்றால் ஒரு தள்ளு வண்டி, இரண்டு அடுப்பு, ஒரு முக்காலி. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் வீட்டு அடுப்பு எரியாமல் இருப்பதற்கு அந்த இட்டிலிக் கடை அம்மாள்தான் காரணம். அவளுடைய புருஷன் கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். ஒரு பையன், ஒரு பெண். இருவரும் மாநகராட்சிப் பள்ளியில் படித்தவர்கள்.

2022-ஆம் வருஷம் ஜூன் மாதம் பிளஸ் டூ பரீட்சை முடிவுகள் வந்தன. இரண்டு நாள் கழித்து, மாலை ஏழு மணி சுமாருக்கு அந்தப் பையன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் நாலாக மடித்த காகிதம்.

"அம்மா உங்களைக் கேக்கச் சொன்னாங்க அக்கா. நான் என்ன படிக்கலாம்?"

நான் அப்போது எந்த நிலையில் இருந்தேன் தெரியுமா? எங்கள் பத்திரிகையின் தொடர்கதையில் கதாநாயகியைக் கிணற்றில் தள்ளுவதா, வேண்டாமா என்று ஆசிரியருக்கும் கதாசிரியருக்கும் தகராறு. இரண்டு பேரையும் சமாதானம் செய்யும் பொறுப்பு என் தலையில். ஒரு காதில் டெலிபோன். மற்றக் காதைப் பையனுக்குக் கொடுத்தேன்.

"எது உனக்குப் பிடிக்கிறதோ அதைப் படி, தம்பி!" என்றேன். சொல்லும்போது எனக்கே அழகாக இருந்தது.

அவன் போகவில்லை. "எஞ்சினீரிங்னா ரொம்பச் செலவாகுமா அக்கா?" என்று கேட்டான்.

"ஆகத்தான் செய்யும்" என்றேன்.

"சரிக்கா" என்று சொல்லி விட்டுப் படியிறங்கிப் போனான். கையிலிருந்த காகிதத்தை அவன் பிரிக்கவும் இல்லை. நான் கேட்கவும் இல்லை.

நாலைந்து மாதம் சென்றிருக்கும். ஒரு நாள் இரவு சமைக்கச் சோம்பல்பட்டு, போன் மூலம் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தேன். மணி அடித்தது. கதவைத் திறந்தால், முதுகில் பெரிய பெட்டியும், மழையில் நனைந்த சட்டையுமாக அதே பையன் நிற்கிறான்!

"காலேஜ் என்னப்பா ஆச்சு?"

"நமக்கு அதெல்லாம் கட்டாதுக்கா" என்று சிரித்துக் கொண்டே பொட்டலத்தை நீட்டினான்.

"மார்க் எவ்வளவு வாங்கியிருந்தாய்?" என்று அன்றுதான், ஆறிய பிறகு, கேட்டேன். கணக்கில் 88, பௌதிகத்தில் 90, ரசாயனத்தில் 84. பொறியியல் சேர்க்கைக்குக் கணக்கு மதிப்பெண்ணை அப்படியே எடுத்துக் கொண்டு, மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டுவார்கள். 88-ம், 45-ம், 42-ம் சேர்ந்து 200-க்கு 175. மூட்டை தூக்குகிறவர் மகன், தெருவிளக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாங்கிய மார்க் அது.

அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் ஆபீஸில் ஏதோ ஞாபகம் வந்தவளாய்ப் பழைய இதழ்களைப் புரட்டினேன். 2021-ஆம் வருஷத்து இதழ் ஒன்றில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி: ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய தொழிற் படிப்புகளில் 7.5 சதவிகித இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அப்படிச் சேருகிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசாங்கமே ஏற்றுக் கொள்கிறது. மாநகராட்சிப் பள்ளியும் இதற்கு அரசுப் பள்ளிதான்.

அந்தச் செய்தியைத் திருத்தியது யார் என்கிறீர்கள்? சாட்சாத் நான்தான்! 'கல்வி கட்டணம்' என்று வந்திருந்ததில் ஒற்று விட்டுப் போயிருக்கிறதே என்று கவலைப்பட்டு, 'கல்விக் கட்டணம்' என்று திருத்தினவள் நான். ஒற்று மேலிருந்த கவலை செய்தியின் மேல் இல்லை. ஒரு பைசா செலவில்லாமல் படித்திருக்க வேண்டிய பையனிடம் 'ஆகத்தான் செய்யும்' என்று சொல்லியிருக்கிறேன்!

அப்புறம் பல நாள் யோசித்தேன். 'பிடித்ததைப் படி' என்று சொன்னதில் என்ன தப்பு? என் தகப்பனாரும் என்னிடம் அதைத்தானே சொன்னார்? ஆமாம், சொன்னார். ஆனால் சொல்லி விட்டுச் சும்மா இருந்தாரா? விண்ணப்பத்தை வாங்கி வந்தவர் அவர். எந்தக் கல்லூரி நல்லது என்று நாலு பேரிடம் விசாரித்தவள் அத்தை. சர்ட்டிபிகேட்டுகளுக்கு நகல் எடுத்து அடுக்கியவர் சித்தப்பா. முதல் நாள் கல்லூரி வாசல் வரையில் வந்து, "காண்டீன் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக் கொள்" என்று சொன்னவள் அம்மா. பின்னால் நாலு பேர் நிற்கிற குழந்தைக்குத்தான் 'பிடித்ததைப் படி' என்பது புத்திமதி. பின்னால் யாருமில்லாத குழந்தைக்கு அது, கதவைச் சாத்துவதற்கு ஒரு மரியாதையான வழி.

அந்தச் சமயத்தில் அரசாங்கமும் இந்தக் குறையை உணர்ந்துதான் இருந்தது. 2022 மார்ச்சில் 'நான் முதல்வன்' திட்டம் வந்தது. அதே வருஷம் ஜூனில், பிளஸ் டூ முடித்தவர்களுக்கு வழி சொல்லும் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சியும் ஆரம்பமாயிற்று. ஆனால் எங்கள் பையன் அந்த நாட்களில் மார்க்கெட்டில் தகப்பனாருக்கு ஒத்தாசையாக இருந்தான். திட்டம் தலைநகரத்திலிருந்து புறப்பட்டு விட்டது. இட்டிலிக் கடை வரையில் வந்து சேரவில்லை. அந்தக் கடைசி நூறு கஜ தூரத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள், டெலிபோனில் கிணற்றைப் பற்றிப் பேசிக் கொண்டிருந்தாள்.

போகட்டும். பையனுடைய தங்கை 2025-ல் பிளஸ் டூ எழுத வேண்டியவள். இந்தத் தடவை கோட்டை விடுவதில்லை என்று தீர்மானித்து, பொங்கல் கழிந்ததும் நானே இட்டிலிக் கடைக்குப் போய், "பெண்ணை என்னிடம் அனுப்புங்கள், அக்கா. எல்லாம் நான் சொல்லித் தருகிறேன்" என்றேன். பெரிய மனசு பண்ணுகிற தோரணை!

பெண் வந்தாள். ரெட்டைப் பின்னல், கையில் ஒரு நோட்டுப் புத்தகம். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே நோட்டைத் திறந்தாள். சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆறாம் வகுப்பு முதல் எங்கே படித்தாள் என்பதற்கு அத்தாட்சி... ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு டிக் அடையாளம்.

"இ-சேவை மையத்துக்கு யார் போனது?"

"அண்ணன்தான் அக்கா. ரெண்டு ஆர்டருக்கு நடுவுல ஓடிப் போய் வாங்கிட்டு வந்துச்சு."

எனக்குத் தொண்டையை அடைத்தது. இரும வேண்டியதாயிற்று.

கோடை வந்தது, பரீட்சை முடிந்து, மே மாதம் முடிவும் வந்தது. பெண் அண்ணனையும் மிஞ்சி விட்டாள். விண்ணப்பம் போட்டு, கலந்தாய்வுக்குக் கல்லூரிகளின் பட்டியலைக் கணினியில் வரிசைப்படுத்தும் கட்டம் வந்தது. இங்கே என் மேதாவிலாசத்தைக் காட்டினேன்.

"முதலில், உனக்கு நிச்சயமாகக் கிடைக்கக் கூடிய கல்லூரியைப் போடு. அப்புறம் பெரிய கல்லூரிகளைப் போடலாம். இருப்பதையும் விட்டு விடக் கூடாது, பார்!"

பெண் தயங்கினாள். பெரியவர்களை எதிர்த்துப் பேசுவது எப்படி என்ற தயக்கம். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அப்படி இல்லை அக்கா. கம்ப்யூட்டர் என் லிஸ்டை மேலேர்ந்து பார்த்துக்கிட்டே வரும். என் ரேங்குக்கு எது முதல்ல காலியா இருக்கோ அதைக் கொடுத்துடும். நிச்சயமாக் கிடைக்கிறதை உச்சியிலே போட்டா அதோட நின்னுடும். நல்ல காலேஜைப் பார்க்கவே பார்க்காது. ரொம்ப ஆசையானதை மேலே போடணும். நிச்சயமானதைக் கீழே போடணும். எங்க பிஸிக்ஸ் டீச்சர் போர்டுல எழுதிக் காட்டினாங்க."

நான் சொன்னபடி செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் தடவை அசிரத்தையால் ஒரு குழந்தையைக் கெடுத்தேன். இரண்டாம் தடவை அக்கறையால் கெடுக்க இருந்தேன்! முகம் தெரியாத அந்த ஆசிரியைக்கு மனசுக்குள் ஒரு நமஸ்காரம் போட்டு விட்டு வாயை மூடிக் கொண்டேன்.

கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் எலெக்ட்ரிகல் கிடைத்தது. அப்போதுதான் இட்டிலிக் கடை அம்மாளுக்குப் பயம் பிடித்துக் கொண்டது. வயசுப் பெண்ணை அத்தனை தூரத்தில் விடுதியில் விடுவதா? அவளுடைய அண்ணன் வேறு, தன் மகனுக்குக் கேட்டுக் கொண்டிருந்தான்.

என்னால் உருப்படியாக முடிந்த முதல் காரியம் அங்கேதான். நாலு நாள் காலையில் அந்த முக்காலியில் உட்கார்ந்து அவள் பயத்தைக் காது கொடுத்துக் கேட்டேன். விடுதிச் செலவும் அரசாங்கத்துடையது என்று சொன்னேன். 'புதுமைப் பெண்' திட்டத்தில், படிப்பு முடியும் வரையில் மாதம் 1,000 ரூபாய் பெண்ணின் பாங்குக் கணக்குக்கே வந்து சேரும் என்றேன். 1989-ல் ஏழைப் பெண்களின் கலியாண உதவிக்காக மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏற்பட்ட திட்டம் அது. 2022-ல் அதைத்தான் படிப்புக்கு என்று மாற்றினார்கள்.

அம்மாள் கரண்டியைக் கீழே வைத்து விட்டு யோசித்தாள். "அப்போ, கலியாணத்துக்குன்னு வெச்சிருந்த பணத்தைப் படிக்கக் கொடுக்கிறாங்க. ஏம்மா, கவர்ன்மெண்டே மாத்திக்கிச்சு, நான் மாத்திக்கக் கூடாதா?" என்றாள். அந்த வாரமே அண்ணனுக்குப் பதில் போயிற்று.

இரண்டாவது காரியம், அந்த நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் நடந்தது. பெண் தமிழில் படித்தவள். கல்லூரியில் பாடம் ஆங்கிலத்தில். விஷயம் தெரியும்; அதன் பெயர்தான் தெரியாது. இரண்டு பத்தியாகக் கோடு போட்டோம். திசைவேகம், வெலாஸிட்டி. முடுக்கம், ஆக்ஸிலரேஷன். உந்தம், மொமெண்டம். மின்தடை, ரெஸிஸ்டன்ஸ். தினம் இருபது வார்த்தை. 'உந்தம்' என்றால் என்ன என்று எனக்கு அவள் சொல்லிக் கொடுத்தாள். 'மொமெண்டம்' என்பதை உச்சரிக்க நான் சொல்லிக் கொடுத்தேன். யார் வாத்தியார், யார் மாணவி என்று கேட்காதீர்கள்.

போன பிறகு முதல் வாரம் போனில் அழுதாள். மூன்றாம் வாரம், "இன்னிக்குக் கையைத் தூக்கிக் கேள்வி கேட்டேன் அக்கா" என்றாள். பாஸ் செய்ததை விட அது பெரிய செய்தி என்று எனக்குப் பட்டது.

சகோதரிகளே, பொறியியல் ஒன்றுதான் படிப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அரசுக் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., நர்ஸிங், சட்டம் எல்லாம் இருக்கின்றன. உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்குகிற அம்மாளுக்கும், துணி தேய்த்துக் கொடுக்கிறவருக்கும், வாட்ச்மேனுக்கும் பிளஸ் டூ படிக்கும் குழந்தை இருக்கக் கூடும். சேலையும் பழைய புத்தகமும் கொடுக்கிறோம், நல்லதுதான். அதோடு மூன்று கேள்வி கேளுங்கள். சர்ட்டிபிகேட்டுகள் தயாராக இருக்கின்றனவா? விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்ன? ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதானா? நடுவில் ஒரு வருஷம் தனியார் பள்ளிக்கு மாற்றினால் கூட 7.5 சதவிகிதச் சலுகை போய் விடும். பதில் உங்களுக்குத் தெரியா விட்டால் பரவாயில்லை, எனக்கும் தெரிந்திருக்கவில்லை. குழந்தையுடன் அதன் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நடை போய் ஆசிரியரைப் பாருங்கள். ஆனால் தயவு செய்து பொன்மொழி மட்டும் சொல்லாதீர்கள்!

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்கிறீர்களா? போன மாதம் இரவு ஒன்பது மணிக்கு மறுபடியும் பொட்டலத்துடன் வந்தான். இந்தத் தடவை நான் அவனை விடவில்லை. கணக்கு, பௌதிகம், ரசாயனத்துடன் பிளஸ் டூ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷத்தில் சேரலாம். டிப்ளமா வாங்கினால் பொறியியலில் நேராக இரண்டாம் வருஷத்தில் சேர விண்ணப்பிக்கலாம். இதைச் சொல்லி, என்ன என்ன காகிதம் வேண்டும், எங்கே போய் விசாரிக்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

"பார்க்கலாம்க்கா. அடுத்த ஆர்டர் காத்திருக்கு" என்றான்.

சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டதைப் பார்த்தேன். படியிறங்கிப் போனான். ஞாயிற்றுக்கிழமை இட்டிலி வாங்கும்போது அவனுடைய அம்மாளிடம் கேட்டேன். "சாமி படத்துக்குக் கீழே ஏதோ காகிதம் வெச்சிருக்கான்மா. என்னான்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறான்" என்றாள்.

விண்ணப்பம் கொடுக்கும் நாள் வரும்போது நானே ஒரு தடவை மணி அடிப்பதாக இருக்கிறேன், அவன் வீட்டு வாசலில்.