ஆச்சி வென்றார், அழுதார்!

வழக்கிலே தோற்றவர் அழக் கண்டிருப்பீர்கள், தோழர்களே! வென்றவர் அழக் கண்டதுண்டா? நான் கண்டேன். 2019ஆம் ஆண்டு, மதுரையில், உயர் நீதிமன்றக் கிளையின் தாழ்வாரத்தில், என் ஆச்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதார். ஆனந்தக் கண்ணீர் அன்று அது. தோற்றுவிட்டோம் என்று எண்ணி வடித்த கண்ணீர்! உண்மையில், சற்று நேரத்திற்கு முன்புதான், அவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு வந்திருந்தது.

அந்தக் கண்ணீருக்குக் காரணம் யார்? நீதிபதி அல்லர், அவர் ஆவணங்களை ஆய்ந்து அறமே உரைத்தார். வழக்கறிஞர் அல்லர், அவர் கடமையைக் குறைவறச் செய்தார். காரணம் ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லின் வரலாற்றைச் சொன்னால், நமது நீதிமன்றங்களின் வரலாறும் அதனுள்ளே அடங்கும்.

எங்கள் ஊர் வேம்பார். தூத்துக்குடி மாவட்டத்தின் வடகோடிக் கடற்கரை. ஒரு பக்கம் கடல். மறு பக்கம் பனங்காடு. கடலிலே முத்துக் குளித்த கதை 1961ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. பனையோ இன்றும் பதநீர் தருகிறது. வேம்பார்க் கருப்பட்டி என்றால் தென்னாட்டுக் கடைவீதியெங்கும் தனி மதிப்பு. அந்தப் பனங்காட்டிலே என் ஆச்சிக்கு ஒரு பங்கு உண்டு. அவருடைய தந்தையார் தாமே உழைத்துத் தேடிய நிலம். உயில் எழுதாமலே மறைந்தார். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அத்தகைய சொத்தில் மகனுக்கு எவ்வளவோ, அவ்வளவு மகளுக்கும். ஆனால் ஆச்சியின் தம்பி கேட்டார்: "பொம்பளைக்கு ஏது பங்கு? தாலி கட்டிக் கொடுத்தாச்சு, சீரும் செஞ்சாச்சு!"

பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டிலே சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. தீர்மானம் சட்டமாயிற்று, சட்டம் ஏட்டிலே ஏறிற்று, தம்பியின் நெஞ்சிலே மட்டும் ஏறவில்லை! ஆச்சி பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்தார். கருப்பட்டி காய்ச்சிய கை, மனுவிலே கைநாட்டு வைத்தது.

வழக்கு எப்படி ஏறுகிறது என்பதை இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். பள்ளிப் பாடத்தில் இதை விரிவாகச் சொல்வாரில்லை. முதலில் ஊருக்கு அண்மையில் உள்ள உரிமையியல் நீதிமன்றம். முன்சீப் கோர்ட் என்று மக்கள் அழைப்பது அதைத்தான். அதற்கு மேல் சார்பு நீதிமன்றம். அதற்கும் மேல் மாவட்ட நீதிமன்றம். கொலை போன்ற கொடுங்குற்றங்களை விசாரிக்கையில் அதுவே அமர்வு நீதிமன்றம். இவற்றுக்கெல்லாம் மேலே உயர் நீதிமன்றம். சாட்சியைக் கேட்பதும் ஆவணத்தைப் பதிவதும் அடிப்படியில் நடக்கும். இரண்டாம் மேல்முறையீடாக உயர் நீதிமன்றம் ஏறும்போது, சட்டத்தைப் பற்றிய முக்கியக் கேள்வி இருந்தால் மட்டுமே அது ஆராயப்படும்.

அமெரிக்க நாட்டில் ஏணி இரண்டு. மாநிலச் சட்டத்திற்கு மாநில நீதிமன்றம். கூட்டாட்சிச் சட்டத்திற்குத் தனியான கூட்டாட்சி நீதிமன்றம். 1789ஆம் ஆண்டில் 13 கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றங்களோடு தொடங்கினார்கள், இன்று 94. நமக்கோ ஏணி ஒன்றுதான். சட்டமன்றம் செய்த சட்டமாயினும், டெல்லி நாடாளுமன்றம் செய்த சட்டமாயினும், விசாரிப்பது அதே நடுவர், அதே மன்றம். ஏணி ஒன்று என்பதால், அதன் உச்சிப்படி எங்கே இருக்கிறது, அங்கே எந்த மொழி பேசப்படுகிறது என்பது ஒவ்வொரு ஏழைக்கும் உயிர்க் கேள்வியாகிறது!

உச்சிப்படி எங்கே இருந்தது? சென்னையில். 1726ஆம் ஆண்டு அரசப் பட்டயத்தால் கும்பினியார் அங்கே மேயர் நீதிமன்றம் கண்டனர். 1801ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட் என்று ஒன்று அமைந்தது. அதன் அதிகாரம் பெரும்பாலும் சென்னைப் பட்டணத்திற்கே. வெளி மாவட்டங்களுக்கு சதர் அதாலத் என்ற வேறொரு மன்றம். இரண்டையும் ஒன்றாக்கி, 1862 ஆகஸ்ட் 15 அன்று சென்னை உயர் நீதிமன்றம் பிறந்தது. இன்று நாம் காணும் செந்நிற மாளிகை 1892ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அந்த மாளிகையிலே தாழ்த்தப்பட்ட சமுதாயத்திலிருந்து முதல் நீதிபதியாக ஏ. வரதராசன் அமர்ந்த ஆண்டு 1973. மன்றம் பிறந்து 111 ஆண்டுகள் கழித்து! பின்னர் 1980ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்திலும் அவரே அச்சமுதாயத்தின் முதல் நீதிபதியானார்.

மேல் மன்றம் வேண்டாத ஒன்றா? அன்று. ஒட்டப்பிடாரத்து வழக்கறிஞர் வ. உ. சிதம்பரனாருக்கு 1908ஆம் ஆண்டு திருநெல்வேலி அமர்வு நீதிமன்றம் விதித்த ஆயுள் தண்டனையை உயர் நீதிமன்றம்தான் குறைத்தது. கீழே தவறினால் மேலே திருத்த ஓர் இடம் வேண்டும். ஆனால் அந்த இடத்தை அடைய வழிச்செலவுக்குக் காசும் வேண்டுமே!

என் தாத்தாவிடம் காசு இல்லை. 1980களில் வீட்டடி மனை ஒன்றைப் பற்றி அவருக்கு ஒரு வழக்கு. கீழே தோற்றார். "சென்னைக்குப் போனால் வெல்லலாம்" என்றார்கள். வேம்பாரிலிருந்து சென்னை 500 கிலோமீட்டருக்கும் மேல். முதற் பயணத்திற்கு ஆடுகள் போயின. இரண்டாம் பயணத்திற்கு ஆச்சியின் காதணி போயிற்று. மூன்றாம் பயணத்திற்கு விற்க ஏதுமில்லை. வழக்கறிஞருக்குப் பணம் அனுப்பவும் வழியில்லை. வாதாட ஆளின்றி வழக்கு முடிந்தது. சில திங்கள் கழித்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. ஊர் வாத்தியார் படித்துப் பார்த்து, தலையைக் குனிந்துகொண்டு, ஒரே சொல்லைச் சொன்னாராம்: "டிஸ்மிஸ்."

ஆச்சி அறிந்த ஆங்கிலச் சொற்களில் அதுவும் ஒன்று. அதன் பொருள் அவருக்கு அகராதியிலிருந்து வரவில்லை. மூளியான காதிலிருந்து வந்தது.

சென்னை செல்ல முடியாமலே நியாயத்தைக் கைவிட்ட தாத்தாக்கள் தென்மாவட்டங்களில் எத்தனை பேரோ! நெடுங்காலம் கோரிக்கை எழுப்பிய பின், 2004 ஜூலை 24 அன்று மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை தொடங்கிற்று. 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்புச் சட்டப்படி குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணையால் அமைந்த நிலையான கிளை அது. கன்னியாகுமரி முதல் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் வரையிலுள்ள மாவட்டங்களின் வழக்குகள் அங்கே செல்கின்றன. தலைமை நீதிபதி இரண்டிற்கும் ஒருவரே; நீதிபதிகள் சுழற்சி முறையில் சென்னையிலிருந்து வந்து அமர்கின்றனர். எங்களுக்குத் தொலைவு ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகக் குறைந்தது. கோயில் கட்டினால் குடமுழுக்கு. குளம் வெட்டினால் பொங்கல். இப்படி ஒரு நீதிமன்றம் ஊருக்கு அருகே வந்ததற்கு விழா எடுத்தவர் எத்தனை பேர்?

ஆச்சியின் வழக்கு கீழே இரு மன்றங்களிலும் வென்றது. தம்பி விடவில்லை, மதுரையில் இரண்டாம் மேல்முறையீடு செய்தார். அது முடிவுக்கு வந்தபோது நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். "நீங்க வரவே வேண்டாம் ஆச்சி, நான் பார்த்துக்கிடுதேன்" என்றார் வழக்கறிஞர். உண்மைதான், அந்த நிலையில் வழக்காடுவோர் நேரில் நிற்க வேண்டியதில்லை. ஆச்சி கேட்டார்: "என் நெலத்தப் பத்திப் பேசுதத நான் கேக்க வேண்டாமாய்யா?"

புறப்படும் நாளில் ஓர் உறவினர் பஞ்சாங்கத்தோடு வந்தார். இராகுகாலத்தில் காலெடுத்து வைக்கலாகாதாம்! ஆச்சி சிரித்தார். "பஸ்ஸுக்காரன் ராவுகாலம் பாத்தா வண்டிய எடுக்கான்? போன தடவ ஒங்க மாமா நல்ல நேரம் பாத்துத்தானே மெட்ராசுக்குப் போனாவ!" பஞ்சாங்கம் வாய் மூடிற்று. பேருந்து தன் நேரத்தில் புறப்பட்டது.

நீதிமன்றக் கூடத்தின் பின்வரிசையில் அமர்ந்தோம். வழக்கின் எண்ணை அழைத்தார்கள். இரு வழக்கறிஞர்களும் எழுந்தார்கள். ஆங்கிலம் பாய்ந்தது. ஆச்சி கண்ணிமைக்காமல் ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தந்தையார் நட்ட பனைகளைப் பற்றித்தான் அங்கே பேசினார்கள். அவருக்குப் 'பனை' என்ற சொல்கூடக் கேட்கவில்லை. இறுதியில் நீதிபதி தீர்ப்பைச் சொல்லச் சொல்ல எழுதினார்கள். அந்த வெள்ளத்தில் ஆச்சிக்குத் தெரிந்த ஒரு சொல் வந்தது: "டிஸ்மிஸ்டு."

ஆச்சி எழுந்தார். என் கையை உதறினார். வெளியே நடந்தார். தாழ்வாரத்திலே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "போச்சு தாயி… தாத்தாவுக்குப் போன மாதிரியே போச்சு!"

தள்ளுபடியானது தம்பியின் மேல்முறையீடு! அது தள்ளுபடியானதால் ஆச்சியின் பங்கு உறுதியாயிற்று! அதை நான் மும்முறை சொல்ல வேண்டியிருந்தது. நம்பாமல் என் முகத்தையே பார்த்தார். வழக்கறிஞர் வந்து கைகூப்பி, "செயிச்சுட்டீங்க ஆச்சி" என்ற பிறகே கண்ணீர் நின்றது. பிறகு அவர் கேட்ட கேள்வி இன்றும் என் நெஞ்சைக் குடைகிறது: "நீ காலேசு படிச்ச, எனக்குச் சொன்ன. பேத்தி இல்லாதவளுக்கு யாரு தாயி சொல்லுவா?"

சாலையின் தொலைவு குறைந்தது, தோழர்களே. சொல்லின் தொலைவு குறையவில்லை!

கீழ் நீதிமன்றங்களில் தமிழ் உண்டு. ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976ஆம் ஆண்டு செய்த திருத்தம் அங்கே சாட்சியத்திற்கும் தீர்ப்பிற்கும் தமிழுக்கு இடமளித்தது. ஆகவே பத்திரம் தமிழ், சாட்சி தமிழ், வழக்குத் தொடுத்தவர் தமிழர். உயர் நீதிமன்றப் படி ஏறியதும் அத்தனையும் ஆங்கிலமாக மாற வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 348ஆம் பிரிவு உயர் நீதிமன்ற மொழி ஆங்கிலம் என்கிறது. அதே பிரிவு ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது: குடியரசுத் தலைவரின் இசைவோடு ஆளுநர் மாநில மொழிக்கு இடமளிக்கலாம். அந்தக் கதவு யாருக்குத் திறந்தது? இராசஸ்தானில் 1950, உத்தரப் பிரதேசத்தில் 1969, மத்தியப் பிரதேசத்தில் 1971, பீகாரில் 1972. நான்கிலும் திறந்தது இந்திக்கு! தமிழுக்காக நமது சட்டமன்றம் 2006ஆம் ஆண்டு தீர்மானம் நிறைவேற்றி அனுப்பிற்று. 2010ஆம் ஆண்டு மதுரையில் வழக்கறிஞர்கள் உண்ணாநிலை இருந்தனர். 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் முழுக் கூட்டம் இசைவில்லை என்றது. நான்கு மாநிலங்களில் இந்தி நுழைந்தால் நீதி கெடவில்லை. தமிழ் நுழைந்தால் கெட்டுவிடுமா?

பிற மாநில நீதிபதிகள் வருவார்களே, அவர்களுக்குத் தமிழ் தெரியாதே என்பார்கள். ஞாயமான கேள்விதான், தட்டிக் கழிக்கலாகாது. ஆனால் அதற்கு விடை உண்டு. மொழிபெயர்ப்பாளரை நீதிபதிக்கு வையுங்கள்! இன்று அந்தச் சுமையை ஏழையின் தலையில் வைத்திருக்கிறீர்களே! சட்டச் சொல் தமிழில் இல்லை என்பார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளையே தமிழில் பெயர்த்து வெளியிடுகிறார்கள், சொல் இல்லாமலா? கீழ் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் எழுதும் நீதிபதிகள் எந்தச் சொல்லால் எழுதுகிறார்கள்?

எங்கள் கரையில் முதியவர்கள் சொல்வார்கள்: முத்துக் குளிப்பவன் இடுப்பிலே ஒரு கயிறு, அதன் மறுமுனை தோணியில் நிற்பவன் கையிலே. மூச்சு முட்டினால் கீழிருப்பவன் கயிற்றை அசைப்பான். அந்த அசைவின் பொருள் மேலிருப்பவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேலிருப்பவன் சொல்வதும் கீழே எட்ட வேண்டும். இருவருக்கும் ஒரே குறிப்பு இல்லையென்றால், கயிறு இருந்தென்ன, தோணி இருந்தென்ன!

இப்போது நான் ஆசிரியப் பணியில் இருக்கிறேன். எட்டாம் வகுப்பிலே, பாடம் முடிந்த ஒரு நாள், நீதிமன்றப் படிகளைக் கரும்பலகையில் வரைந்தேன். முன்சீப் கோர்ட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை. ஒவ்வொரு படியிலும் பேசப்படும் மொழியையும் எழுதினேன். ஒரு சிறுமி எழுந்து கேட்டாள்: "டீச்சர், மேல போகப் போக நம்ம மொழி ஏன் காணாமப் போவுது?"

அந்தக் கேள்விக்கு விடையளிக்க வேண்டியவர்கள் நாம். ஊருக்கு ஒருவராவது சட்டம் கற்போம். கற்றதைத் தமிழில் நான்கு பேருக்குச் சொல்வோம். தீர்ப்பு நகலோடு தவிக்கும் முதியவருக்கு வரிவரியாய்ப் படித்துக் காட்டுவோம். தமிழ் அங்கே ஒலிக்கும் நாள்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.

ஆச்சி தமக்குக் கிடைத்த பங்கை மகனுக்கும் மகளுக்கும் சரிபாதியாகப் பிரித்து எழுதிவிட்டார். பத்திரம் தமிழில் இருந்தது. பதிவாளர் படித்துக் காட்ட, ஒவ்வொரு சொல்லையும் காதாரக் கேட்டு, "சரி" என்று சொல்லிவிட்டுத்தான் கைநாட்டு வைத்தார். அன்று அவர் அழவில்லை.