வரிசையில் ஒருத்தி

பாலே என்றதும் கால்விரல் நுனியில் நின்று சுழலும் நாயகிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருவாள். நான் சம்பளம் வாங்கியது அவளுக்குப் பின்னால் நின்றதற்கு. ‘கோர் தெ பாலே’ என்னும் குழு நடனத்தில் சேருபவர்களில் பெரும்பாலோர் அங்கிருந்தே ஓய்வு பெறுகிறோம். அதை முன்னேறாதவர்களின் இடம் என்று நினைப்பவர்கள் ‘லா பயாடேர்’ பாலேயில் வரும் நிழல்கள் காட்சியைப் பார்க்க வேண்டும்.

மரியுஸ் பெட்டிபா 1877-இல் பீட்டர்ஸ்பர்க்கில் மேடையேற்றியது அது, இசை மின்குஸ். சோலோர் என்ற வீரன் அபின் மயக்கத்தில் கனவு காண்கிறான். இறந்துபோன கோயில் நடனக்காரி நிகியாவின் நிழல் பலவாகப் பெருகி மலைச்சரிவில் இறங்குகிறது. அந்த நிழல்கள் நாங்கள். வெள்ளை டுட்டு பாவாடை உடுத்தி ஒருத்தி பின் ஒருத்தியாக வருவோம். நிற்கும் காலைச் சற்றே மடித்து, மறுகாலைப் பின்னால் நீட்டும் அரபெஸ்க், பிறகு முதுகைப் பின்னுக்கு வளைத்துக் கைகளை உயர்த்துதல், சில அடி நடை, மறுபடியும் அரபெஸ்க். அவ்வளவுதான்.

சரிவில் நிற்கும்போது கணுக்கால் கீழ்நோக்கி இழுபடும். பக்கவாட்டு விளக்கு கண்ணைக் கூசவைக்கும். விறைத்து நிற்கும் டுட்டு பாதத்தை மறைத்துவிடுவதால், சரிவுப் பலகையின் விளிம்பைக் காலால்தான் உணர வேண்டும். வேகமான ஆட்டத்தில் தடுமாற்றத்தைச் சமாளித்துவிடலாம். இவ்வளவு மெதுவான இசையில் தொடை நடுங்கினால் அரங்கம் முழுக்கத் தெரியும். முதலில் இறங்குபவள் பாடுதான் திண்டாட்டம். கடைசி ஆள் இறங்கும்வரை அவள் நிறுத்த முடியாது. எல்லோரும் இறங்கிய பிறகும் ஓய்வில்லை. வரிசைகளாக நின்று ஒரு காலைப் பக்கவாட்டில் மெல்ல உயர்த்திப் பிடித்து நிற்க வேண்டும்.

இத்தனை பேர் எப்படி ஒன்றுபோல ஆடுகிறீர்கள் என்று கேட்பார்கள். இசையை எண்ணுவது பாதி, மூச்சு மீதி. முன்னால் இருப்பவளின் தோள் ஏறும்போது நாமும் மூச்சை இழுக்க வேண்டும். என் கால் இன்னும் ஒரு சாண் உயரும் என்றாலும், வரிசையின் உயரம்தான் என் உயரம். ஒத்திகையில் நான் அதிகம் கேட்ட திருத்தம் “காலை இறக்கு” என்பது.

காலணியையும் இந்தக் காட்சிக்கென்று பழக்க வேண்டும். பாயின்ட் ஷூவின் முனை துணி, காகிதம், பசை எல்லாம் சேர்ந்து இறுகியது. புதிதாகப் போட்டால் ‘டக் டக்’கென்று மேடையைத் தட்டும். நிழலுக்குக் காலடி ஓசை இருக்கலாமா? அதனால் முனையைப் படிக்கட்டில் அடித்து மென்மையாக்குவோம், அடிப்பகுதியை வளைத்துவிடுவோம். நாடாவையும் எலாஸ்டிக்கையும் அவரவரே தைத்துக்கொள்வோம்.

இந்தியக் கதைதானே, உனக்கு எளிதாக வந்திருக்குமே என்பவர்கள் உண்டு. நம் கோயில் நடனத்தை ஐரோப்பா பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது: 1838-லேயே திருவந்திபுரத்துத் தேவதாசிகள் பாரிஸுக்குப் போய் ஆடினார்கள். ஆனால் பெட்டிபாவின் நிழல்களில் அரைமண்டியும் இல்லை, முத்திரையும் இல்லை. முழுக்க ஐரோப்பிய பாலே. எனக்குக் கைகொடுத்தது காலை வகுப்புதான். தினமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிளியே, தாந்தியூ என்று அடிப்படையிலிருந்து தொடங்குவோம். நாயகியும் பக்கத்தில் நின்று அதையேதான் செய்வாள். பிறகு ஒத்திகை, இரவில் நிகழ்ச்சி. இந்த உழைப்பை உடல் நெடுங்காலம் தாங்காது: பாரிஸ் ஓப்பராவில் ஓய்வு வயது 42. பல குழுக்களில் கணுக்காலோ இடுப்போ அதற்கு முன்பே விடை கொடுத்துவிடுகிறது.

மகளை பாலே வகுப்பில் சேர்க்கும் பெற்றோர், “இவள் நாயகி ஆவாளா?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வரிசையில் நிற்பதுதான் இந்தத் தொழிலில் பெரும்பாலோருக்குக் கிடைக்கும் வேலை. அந்த வேலை அவளுக்குப் பிடிக்குமா என்று அவளிடம் கேளுங்கள். பிடிக்கும் என்றால் தயங்காமல் அனுப்புங்கள்.