மாவு பிசைந்தது யார்?

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு பேச்சு எழும்: பிரசங்கியாருக்கு மதியச் சாப்பாடு யார் வீட்டில்? 30 வருடமாக, அந்தக் கேள்வி முடியும் முன்பே கையைத் தூக்கியவன் நான். வெளியூர் உபதேசியார், பஸ்ஸைத் தவறவிட்டவர், மாற்றலாகி வந்த வாத்தியார் என்று எல்லாரையும் அழைத்து வந்துவிடுவேன். வாசலில் நின்று உள்ளே ஒரு குரல் கொடுப்பேன். அதோடு என் விருந்தோம்பல் முடிந்தது.

ஒரு ஞாயிறு நாலு பேரோடு போய் நின்றேன். அவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு என் மனைவி எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியில் சாய்ந்தபடி, மம்ரேயில் ஆபிரகாம் அந்நியர்களைக் கண்டதும் வெயிலென்று பாராமல் ஓடிப்போய் அழைத்ததைச் சொல்லி, "அந்த மனசு வேணும்" என்றேன்.

"ஆபிரகாம் ஓடினாரு, சரி. மாவு பிசைஞ்சது யாருங்க?" என்றாள்.

அன்று ராத்திரி ஆதியாகமம் 18ஆம் அதிகாரத்தைப் புரட்டினேன். வந்தவர்கள் மூன்றே பேர். அவர்களுக்காக மூன்று படி மாவைச் சீக்கிரம் பிசைந்து அப்பம் சுடு என்று மனைவி சாராளிடம் சொல்கிறார். கன்றைச் சமைக்க வேலைக்காரனிடம் கொடுக்கிறார். பிறகு மரத்தடியில் விருந்தாளிகள் பக்கத்தில் போய் நிற்கிறார். முந்தின அதிகாரத்தில்தான் சாராளுக்கு வயது 90 என்று வருகிறது. எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறேன், அந்த மூன்று படி என் காதில் விழுந்ததே இல்லை.

பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா பக்கம் சிதறிக் கிடந்த விசுவாசிகளுக்குப் பேதுரு எழுதிய முதல் நிருபத்தில், உபசரிப்பைப் பற்றிய இடத்தில் 'முறுமுறுப்பு' என்ற சொல் வருகிறது. அது கூடாது என்கிறார். நடக்காத ஒன்றை யாரும் கூடாது என்று எழுத மாட்டார்கள். அன்றைக்குக் கோவில் கட்டடம் கிடையாது. சபை கூடியது வீடுகளில். ஊர் ஊராகப் போன ஊழியக்காரர்களுக்கும் அந்த வீடுகளே சத்திரம். எத்தனை அடுப்படிகள் முணுமுணுத்திருக்கும்! ஆதித் திருச்சபையின் கையேடான டிடாக்கே, வழிப்போக்கர் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள் தங்கலாம், அதற்கு மேல் இருக்க நினைத்தால் தொழில் செய்து சாப்பிடட்டும் என்று கறாராகச் சொல்கிறது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் ஊரில் சொன்னவர்களும் அடுப்படி தெரிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தவர் 6ஆம் நூற்றாண்டு இத்தாலியில், மோண்டே கசீனோவில் மடம் நடத்திய பெனடிக்ட். வருகிற விருந்தாளியைக் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்ற அவருடைய ஒழுங்கை எல்லாரும் எடுத்துச் சொல்வார்கள். அந்த ஒழுங்கு நூலின் அதே 53ஆம் அதிகாரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. விருந்தாளிகள் நேரம் காலம் பார்த்து வருவதில்லை என்பதால் அவர்களுக்குத் தனிச் சமையலறை வேண்டும். அதற்குத் திறமையான இரண்டு சகோதரர்களை ஒரு வருடத்துக்கு நியமிக்க வேண்டும். முறுமுறுக்காமல் வேலை செய்ய, தேவைப்படும்போது கூட ஆள் கொடுக்க வேண்டும். முறுமுறுப்புக்கு அவர் கொடுத்த மருந்து புத்திமதி அல்ல, ஆள்.

எங்கள் சபை அசனத்தில், அதாவது பொது விருந்தில், அப்படி ஓர் ஆளாக நானும் சமையலுக்கு நின்றிருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு நாள், வேட்டியை மடித்துக் கட்டி, ஆளுயர அகப்பையால் அண்டாவில் குழம்பு கிண்டுவோம். சோற்றைப் பாயில் குவித்து, வந்த சனத்துக்கெல்லாம் ஓடி ஓடிப் பரிமாறுவோம். மறுநாள் வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்போம்.

ஓய்வு பெற்றபின் தேங்காய் துருவக் கற்றுக்கொண்டேன். ஓட்டின் கறுப்பு விழாமல் துருவ ஆறு மாதம் ஆனது. சொதி இப்போது சுமாராக வரும், முதல் பாலை எப்போது ஊற்றுவது என்பதில்தான் தகராறு. போன மாதம் ஒரே வாரத்தில் மூன்றாவது தடவையாக வீட்டுக்கு ஆள் வந்தது. அவள் கூடத்தில் உட்கார்ந்து அவர்களோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே தேங்காய் மூடியோடு, "சொல்லிட்டு வரக் கூடாதா..." என்று வாய்க்குள் இழுத்தேன்.

கூடத்தில் சிரிப்பு நின்றது. "உள்ள என்ன சத்தம்?" என்றாள்.