"ரத்தம் ஏன் அத்தா சிவப்பா இருக்கு?"

காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக் கடையொன்றில் பணிபுரிபவன் நான். ஜரிகை அசலா, போலியா என்று அறிய எங்களிடம் ஓர் எளிய வழி உண்டு. இழையை நகத்தால் மெல்லச் சுரண்டுவோம். மேலே தங்க முலாம், அதன்கீழ் வெள்ளி, அதற்கும் உள்ளே சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூல். சிவப்பு தெரிந்தால் அசல். சென்ற மாதம் வீட்டில் ஒரு பழைய சேலையின் முந்தானையை அவ்வாறு சோதித்துக்கொண்டிருந்தபோது, ஒன்பது வயது மகள் அருகில் வந்து நின்றாள்.

"நம்ம தோலைச் சுரண்டினாலும் சிவப்புதானே வருது? ரத்தம் ஏன் அத்தா சிவப்பா இருக்கு?"

அல்லாஹ் அப்படிப் படைத்தான் என்று சொல்லி முடித்திருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால், எப்படிப் படைத்தான் என்பதையல்லவா பிள்ளை கேட்கிறாள்? ஆகவே எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

இரத்தத்தின் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் என்னும் புரதம் நிறைந்திருக்கிறது. அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஹீம் எனப்படும் நான்கு வளையங்கள். ஒவ்வொரு வளையத்தின் நடுவிலும் ஓர் இரும்பு அணு. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்வது அந்த இரும்புதான். இரும்பும் அதைச் சூழ்ந்த வளையமும் சேர்ந்து ஒளியிலுள்ள நீலத்தையும் பச்சையையும் பெருமளவு உறிஞ்சிக்கொள்ள, எஞ்சிய சிவப்பே நம் கண்ணுக்கு வருகிறது. ஆக்சிஜனைச் சுமந்து செல்லும்போது பளிச்சென்ற சிவப்பு. இறக்கி வைத்துத் திரும்பும்போது அரக்குச் சிவப்பு. மணிக்கட்டில் நீலமாகத் தெரியும் நரம்பிலும் ஓடுவது சிவப்பு இரத்தமே. எல்லா உயிர்களுக்கும் இப்படியல்ல. ஆக்டோபஸின் இரத்தத்தில் இரும்பின் இடத்தில் செம்பு இருப்பதால் அது நீலம். மகளுக்கு மிகவும் பிடித்தது இந்தச் செய்திதான்.

இரத்தம் நுரையீரலுக்குச் சென்று காற்றுடன் கலந்த பின்னரே இதயத்தின் இடப்புறம் சேர்கிறது என்பதை 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவர் இப்னு அந்நஃபீஸ். டமாஸ்கஸில் பயின்று கெய்ரோவில் மருத்துவம் செய்து 1288இல் மறைந்தவர். நம் பிள்ளைகளின் பாடநூல்கள் 1628இல் நூல் வெளியிட்ட வில்லியம் ஹார்வியோடு நின்றுவிடுகின்றன என்பது என் நெடுநாள் குறை.

வளர்ந்த ஒருவரின் உடலிலுள்ள இரும்பு முழுவதையும் திரட்டினாலும் மூன்று, நான்கு கிராம்தான் தேறும். திருக்குர்ஆனின் 57ஆவது அத்தியாயத்திற்கு அல்ஹதீத், அதாவது இரும்பு என்றே பெயர். இரும்பில் மனிதர்க்குப் பயன்கள் உண்டென்று அது கூறுவதை ஓதும்போதெல்லாம் ஒருகாலத்தில் எனக்கு வாளும் கலப்பையுமே நினைவுக்கு வரும். இப்போது வேறொன்று நினைவுக்கு வருகிறது.

இந்த மகள் பிறந்த இரவு அது. பிரசவத்திற்குப் பின் என் மனைவிக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. அவளுடைய பிரிவு பி நெகடிவ். இரத்த வங்கியில் இருந்த ஒரே பையை ஏற்றியாயிற்று. இன்னும் தேவை என்றார்கள். மைத்துனர்கள் இருவரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். இருவருக்கும் பி பாசிடிவ். எனக்கு ஓ பாசிடிவ். எல்லோருடைய இரத்தமும் சிவப்புதான் என்று மேடைகளில் கேட்டுத் தலையசைத்தவன் நான். அந்த இரவில் அச்சொல் எனக்கு உதவவில்லை. கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் 1901இல் இரத்தப் பிரிவுகளைக் கண்டறிந்து வெளியிடும் முன், நிறத்தை மட்டும் நம்பி ஏற்றிக்கொண்டு உயிரிழந்தோர் பலர்.

கடை நண்பர் ஒருவர், பிள்ளையார்பாளையத்தில் எங்களுக்குச் சேலை நெய்து தரும் நெசவாளர் ஒருவருக்குத் தொலைபேசினார். நெற்றியில் திருநீற்றுடன் சைக்கிளில் வந்து சேர்ந்தார் அவர். அவர் விரலில் குத்தி எடுத்த ஒரு துளியை, மயில்துத்தம் கரைத்த நீல நீரில் விட்டார்கள். துளி மூழ்கினால் ஹீமோகுளோபின் போதுமான அளவு உண்டு. மிதந்தால் அவர் கொடுக்க இயலாது. நீலத்தினூடே அந்தச் சிவப்புத் துளி நேராக அடியில் இறங்கியதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இதற்கிடையில் எங்கள் பெரியம்மாவுக்கு ஓர் ஐயம்: மாற்று மதத்தவர் இரத்தம் கூடுமா? ஹஜ்ரத்திடம் தொலைபேசியில் கேட்டோம். ஓடும் இரத்தத்தை உண்பது ஹராம். ஆனால் உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில் அதை உடலில் ஏற்றிக்கொள்ள மார்க்க அறிஞர்கள் அனுமதித்துள்ளனர். கொடுப்பவர் எந்த மார்க்கத்தவர் என்பது அங்கே தடையில்லை என்றார். பெரியம்மா விடவில்லை. பால்குடி உறவுபோல இதனாலும் உறவு உண்டாகுமா என்று கேட்டார். ஆகாது என்று பதில் வந்தது. அதன் பிறகு, அந்த நெசவாளருக்குப் பழச்சாறு வாங்கிவர முதலில் எழுந்து போனவரும் பெரியம்மாதான்.

சோதனைகள் முடிந்து பஜ்ரு நேரத்தில் இரத்தம் ஏறத் தொடங்கியது. அல்ஹம்துலில்லாஹ்.

இதையெல்லாம் கேட்டு முடித்த மகள், "அவங்க ரத்தம் இப்பவும் உம்மாகிட்ட இருக்கா?" என்றாள். சிவப்பணுக்களின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். ஆகவே அவை அந்த ஆண்டிலேயே மறைந்துவிட்டன. ஆனால் உடல் இரும்பை எளிதில் வெளியேற்றுவதில்லை. பழைய அணுக்களிலிருந்து பிரித்தெடுத்துப் புதியவற்றில் வைத்துக்கொள்கிறது. நாளொன்றுக்கு ஓரிரு மில்லிகிராமே இழப்பாகிறது.

"அப்போ அவங்க இரும்பு?"

"கொஞ்சம் இருக்கலாம்மா."

சேலையை மடிக்கக்கூட விடாமல், உம்மாவிடம் சொல்ல அடுப்படிக்கு ஓடினாள்.