இலக்கமாய் வந்த படம்

09.12.2024, திங்கள்

திராய்மடுவிலிருந்து மச்சாள் காலையிலேயே போன் எடுத்தார். "மச்சான், அம்மாட படம் ஒண்டு உங்கட கொம்பியூட்டரில இரிக்குத்தானே? சின்ன மாமி அனுப்பினது. இந்த முறை இருபது வருசம். பெரிசாக்கிப் பிரேம் போடவேணும்." தேடித் தாறன் என்று சொல்லி வைத்தேன்.

மாமியின் வீடு நாவலடியில் இருந்தது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய மணல். 2004 டிசெம்பர் 26 காலையில் சுனாமியில் மாமியும் வீடும் அலுமாரியும் அலுமாரிக்குள் இருந்த அல்பங்களும் ஒன்றாகப் போயின. மச்சாளிடம் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. முன்பு கடிதத்தோடு சுவிஸுக்குப் போயிருந்த படம் ஒன்றைச் சின்ன மாமி ஸ்கான் செய்து 2012இல் எனக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். அதை இறக்கி மச்சாளுக்குச் சின்னதாக ஒரு பிரதி அடித்துக் கொடுத்தேன். சாமித் தட்டில் வைத்த அந்தப் பிரதியை ஈரம் தின்றுவிட்டதாம்.

டவுன்லோட்ஸ் போல்டரைத் திறந்தேன். பதினொரு பைல்கள். அப்போதுதான் நெஞ்சு திக்கென்றது. நவம்பர் 28. உயர்தரப் பரீட்சையையே இடைநிறுத்திய மழை. வெளியே இறங்க வழியில்லாமல் வீட்டில் இருந்தபோது, சி டிரைவின் கோடு சிவப்பாகிவிட்டதே என்று பார்த்தேன். டவுன்லோட்ஸில் மட்டும் 41 ஜிபி. இணையத்தில் இருந்து வந்தவைதானே, வேண்டுமென்றால் திரும்ப எடுக்கலாம் என்று எல்லாவற்றையும் தெரிவுசெய்தேன். றீசைக்கிள் பின்னுக்குள் போனால் இடம் காலியாகாது என்பதால் ஷிஃப்ட்டை அமத்திக்கொண்டு டிலீட் கொடுத்தேன். மாமியின் படமும் அதற்குள்தான் கிடந்தது.

அந்த மின்னஞ்சல் கணக்கை ஒரு வருடத்துக்கு மேல் திறக்காததால் மூடிவிட்டார்கள். சின்ன மாமி 2021இல் தவறிவிட்டார். வீடு மாறியபோது அவருடைய அல்பம் எங்கே போனதென்று பிள்ளைகளுக்குத் தெரியாது. இரவு பத்து மணி. மச்சாளுக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

10.12.2024, செவ்வாய்

மகனுக்கு மொறட்டுவைக்குப் போன் எடுத்தேன். நான் சொல்லி முடிக்க முதலே, "அப்பா, கொம்பியூட்டர் இப்ப ஓனில இரிக்கா? உடனே ஓஃப் பண்ணுங்க" என்றான். இணையத்தில் மீட்கும் மென்பொருள் ஒன்றைத் தேடி இறக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் நிற்பாட்டச் சொன்னான். மீட்க வந்த பைலே போய் அந்தப் படத்தின் மேல் குந்திவிடும் என்றான்.

அவன் விளக்கியதை எனக்குப் பிடிபட்ட மாதிரி எழுதி வைக்கிறேன். ஒரு பைலை அழித்தால் டிஸ்கில் அது உடனே துடைபடுவதில்லை. எந்தப் பைல் எங்கே இருக்கிறது என்று ஒரு பதிவேடு உண்டு. அதில் பெயரை வெட்டி, அந்த இடம் வெறுங்காணி என்று குறித்துவிடுவார்கள். வளவும் வீடும் அப்படியே நிற்கும், வேறு ஒருவர் வந்து அதன் மேல் வீடு கட்டும்வரை. ஆனால் கட்டுவதற்கு யாரும் நம்மிடம் கேட்பதில்லை. நாம் சும்மா ஒரு செய்தி வாசித்தாலே பிரௌசர் அதிலுள்ள படங்களை டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கும். விண்டோஸும் தன்பாட்டில் எதையாவது எழுதும். நவம்பர் 28க்கும் இன்றைக்கும் இடையில் பன்னிரண்டு நாட்கள்.

ஒரு ஆறுதல், எங்களுடையது பழைய, சுழலும் டிஸ்க். இப்போது வரும் எஸ்எஸ்டியாக இருந்திருந்தால், வெறுங்காணி என்று குறித்த இடத்தை அது கொஞ்ச நேரத்திலேயே தானாகத் துப்புரவாக்கிவிடுமாம். அதற்கு டிரிம் என்று பெயர். வேகத்துக்காகப் புதுசு வாங்கு என்று போன வருடம் பலரும் சொன்னார்கள். காசில்லாமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

12.12.2024, வியாழன்

டிஸ்கைக் கழற்றி, துவாயில் சுற்றி, கோட்டைமுனைப் பாலத்தால் நடந்தே கொண்டுபோனேன். அந்தப் பக்கம் பழைய மாணவன் ஒருவன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். "சேர், முதல்ல முழு டிஸ்கையும் அப்பிடியே ஒரு பிரதி எடுப்பம். தேடுறதெல்லாம் அந்தப் பிரதியில" என்றான். 500 ஜிபி என்று பெட்டியில் போட்டிருந்தாலும் விண்டோஸ் 465 என்றுதான் காட்டும். விற்பவர்கள் ஆயிரத்தால் எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024ஆல் எண்ணுகிறது. அதை ஒரு டெராபைட் டிஸ்கில் பிரதி எடுக்கவே பின்னேரம் முழுக்கப் போனது.

பிறகு போட்டோரெக் என்ற மென்பொருளை ஓடவிட்டான். இலவசம். ஜன்னலும் பொத்தானும் கிடையாது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும். அது பதிவேட்டைப் பார்ப்பதே இல்லை. டிஸ்கை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை தடவிக்கொண்டு போகிறது. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட்களோடுதான் தொடங்கும். அந்த மூன்றையும் கண்ட இடத்தில் ஒரு படம் இருக்கிறது என்று எடுத்து வைக்கிறது. எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடை பூட்டும் நேரமாகியும் பாதி தாண்டவில்லை. "விடிய வாங்க சேர், அது ஓடட்டும்" என்றான். மழை தூறிக்கொண்டிருந்தது. குடையை அங்கேயே மறந்துவிட்டு வந்திருக்கிறேன்.

14.12.2024, சனி, போயா

லீவு. மீட்ட படங்களை நேற்றே கொண்டுவந்துவிட்டேன். காலையிலிருந்து மகளின் மடிக்கணினியில் இருக்கிறேன். இருபத்து மூவாயிரத்துக்கு மேல் படங்கள். ஒன்றுக்கும் பெயரில்லை. எஃப் என்ற எழுத்தும் நீளமான ஒரு இலக்கமும்தான். அந்த இலக்கம், டிஸ்கில் அந்தப் படம் கிடந்த இடத்தின் இலக்கமாம். படத்தின் பெயர் படத்துக்குள் இருப்பதில்லை, பதிவேட்டில்தான் இருக்கிறது. பதிவேட்டைப் பாராமல் எடுத்ததால் பெயர் வரவில்லை.

பெரும்பாலானவை குப்பை. இணையப் பக்கங்களில் வந்த சின்னப் படங்கள், விளம்பரங்கள், ஆருடையவோ முகங்கள். அளவின்படி அடுக்கி நூறு கேபிக்குக் குறைந்தவற்றை ஒதுக்கினேன். அப்படியும் ஆறாயிரம்.

இலக்கங்களைப் பார்த்துக்கொண்டிருக்கையில் 81ஆம் இலக்கக் குழந்தை நினைவுக்கு வந்தது. சுனாமியன்று இடிபாடுகளுக்குள் இருந்து எடுத்து கல்முனை வைத்தியசாலைக்குக் கொண்டுவந்த கைக்குழந்தை. அன்றைய அனுமதியில் 81ஆவது என்பதால் அதுவே பெயராகிவிட்டது. எங்கள் பிள்ளை என்று தாய் தகப்பன் சொன்னாலும் காட்ட ஒரு கடதாசி இல்லை, கடல் கொண்டுபோய்விட்டது. 2005 பெப்ரவரியில் மரபணுப் பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் கையில் கொடுத்தார்கள். அப்போது அந்தச் செய்தியை நாள் தவறாமல் வாசித்தேன். பிள்ளைக்குப் பெயர் இருந்தது, அதைச் சொல்லக்கூடியவர்களும் இருந்தார்கள், இருந்தும் ஏழு கிழமை அது ஒரு இலக்கமாகவே இருந்தது.

இரவு 11.30. கண் எரிகிறது. இரண்டாயிரம்தான் பார்த்து முடிந்தது.

15.12.2024, ஞாயிறு

படம் இன்னும் கிடைக்கவில்லை. கண்ணுக்கு ஓய்வாக, அன்றைக்கு வேறு என்னென்ன அழித்தேன் என்று ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தேன்.

பாதிக்கு மேல் கடந்தகால வினாத்தாள்கள். கொரோனாக் காலத்தில் வாட்ஸப்பில் வந்து விழுந்தவை. ஒரே வினாத்தாள், பின்னால் அடைப்புக்குள் 1, 2, 3 என்று நான்கு தரம். இரண்டும் ஒன்றுதானா என்று திறந்து பார்க்கத் தேவையில்லையாம். இரண்டுக்கும் ஹாஷ் என்ற கைரேகை மாதிரி ஒன்றை எடுத்து, அதன் 64 எழுத்தும் ஒத்துப்போனால் ஒன்றை அழிக்கலாம் என்று மகன் சொன்னான். பிறகு, சிஆர்டவுன்லோட் என்று முடிகிற அரைகுறைப் பைல்கள். இரவு டேட்டாவுக்காக நள்ளிரவு 12 மணிவரை காத்திருந்து இறக்கத் தொடங்கி, 2022இல் கரண்ட் போய்ப் போய் நின்றவை. அவற்றைக் குரோம் இனித் தொடரப்போவதில்லை. அழித்தது சரிதான்.

நூலகம் இணையத்தளத்திலிருந்து இறக்கிய பிடிஎஃப்கள் நூறுக்குக் கிட்ட. ஈழத்து நூல்களை ஸ்கான் செய்து 2005 முதல் இணையத்தில் வைத்துவருகிறார்கள். அங்கே ஒவ்வொரு நூலுக்கும் ஒரு இலக்கம், இறக்கினால் பைலின் பெயரும் அந்த இலக்கம்தான். எஃப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும் வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகமும் என்னிடம் வெறும் இலக்கங்களாகவே வருடக்கணக்கில் கிடந்தன. எது எது என்று அறிய ஒவ்வொரு முறையும் திறந்தேன். இறக்கிய உடனே பெயர் போட ஒரு நிமிடம் செல்லாது, நான் போடவில்லை. அவை போனதில் கவலையில்லை. அங்கே பலர் கவனமாக வைத்திருக்கிறார்கள், நாளைக்கே திரும்ப எடுக்கலாம்.

மாமியின் படத்தை அப்படி வைத்திருக்க ஒருவரும் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே போல்டரில் ஒரே மாதிரித்தான் கிடந்தன. எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் பார்த்தேனே தவிர, வந்த இடத்தில் இப்போதும் இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை.

பின்னேரம் மாணவன் வேர்ட் பைல்களையும் மீட்டு பென் டிரைவில் கொண்டுவந்தான், என் குடையோடு. இருபது வருடத்துக்கு முன் பாமினி எழுத்துருவில் அடித்த தவணைப் பரீட்சைத் தாள்கள். இந்த மடிக்கணினியில் பாமினி இல்லை. தமிழ் என்று அடித்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. எழுத்துருவைப் போட்டதும் கேள்விகள் எழும்பி வந்தன.

17.12.2024, செவ்வாய்

கிடைத்தது.

இரவு ஒன்பதரை. மகள்தான் கண்டாள். "அப்பா, இது ஆர்?" என்றாள். மாமியை அவள் கண்டதில்லை.

மாமி தலையைக் கொஞ்சம் சரித்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறார். பின்னால் தென்னோலை வேலி. தலைமயிர், நெற்றி, மூக்குத்தி, சேலைக்கரை, தோள் எல்லாம் தெளிவு. மார்புக்குக் கீழே ஒரு கோடு, அதற்குக் கீழே முழுவதும் சாம்பல் நிறம். ஜேபெக் படம் பெரும்பாலும் மேலிருந்து கீழாகத்தான் எழுதப்படுகிறது. பின்பாதி கிடந்த இடத்தில் இந்தப் பன்னிரண்டு நாட்களில் வேறெதுவோ எழுதப்பட்டுவிட்டது. கையில் ஒரு குழந்தையை வைத்திருந்ததாக எனக்கு ஞாபகம். அந்தக் குழந்தை ஆர் என்று அப்போது கேட்கவில்லை.

பென் டிரைவில் ஒன்று, மகனுக்கு ஒன்று, சுவிஸில் இருக்கும் சின்ன மாமியின் பிள்ளைகளுக்கு ஒன்று என்று இரவே அனுப்பினேன். பிறகுதான் சாப்பிட்டேன்.

21.12.2024, சனி

மச்சாள் பஸ்ஸில் வந்து இறங்கினார். எல்லாவற்றையும் சொன்னேன், நான் அழித்ததையும் சேர்த்து. அவர் ஒன்றும் பேசவில்லை. திரைக்குக் கிட்டப் போய் நின்றார். விரலால் சாம்பல் நிறத்தைத் தொடாமல், அதற்கு மேலே இருந்த தோளை மட்டும் தொட்டார்.

"கீழ என்ன இருந்தது?" என்று கேட்டேன்.

"நம்மட மூத்தவன்" என்றார். "பிறந்து முப்பத்தொண்டாம் நாள். அம்மாட கையில கிடந்து அழுதவன். அதுதான் அம்மாக்குச் சிரிப்பு."

மூத்தவன் இப்போது கட்டாரில் வேலை செய்கிறான். பிறந்தது 1997 ஆவணி. படத்தின் பைலுக்குள் ஸ்கான் செய்த 2012தான் இருக்கிறது. எடுத்த வருடம் அதில் எங்கும் இல்லை.

தோளோடு வெட்டி, முகம் மட்டும் பெரிதாக வரும்படி ஸ்ரூடியோவில் கொடுத்தோம். திங்கட்கிழமை தருவார்கள். வெட்டாத படத்தை அப்படியே வைத்திருக்கச் சொன்னார் மச்சாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லியும் நிற்கவில்லை. அவர் போன பிறகு அந்த நீண்ட இலக்கத்தை அழித்துவிட்டுத் தமிழில் பெயர் அடித்தேன்: மாமியும் மச்சாளின் மூத்தவனும், முப்பத்தொன்று, நாவலடி, 1997 புரட்டாதி.