என் அருமைத் தாத்தா

எங்கள் வீடு பாம்பனில், தண்டவாளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் தாத்தா. "ரயில் சத்தம் காதைப் பிளக்குமே" என்று உறவினர் எல்லோரும் தடுத்தார்களாம். அந்தச் சத்தம் வேண்டும் என்றுதான் அவர் அங்கே வாங்கினார் என்பது அப்பத்தாவுக்கு மட்டும் தெரியும்.

தாத்தா ரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்து, பாம்பன் பாலத்திலேயே உழைத்து ஓய்வு பெற்றவர். 1914-இல் திறக்கப்பட்ட அப்பாலத்தின் நடுவே, கப்பல்கள் போவதற்காக இரண்டாகப் பிரிந்து மேலெழும் பகுதி இருந்தது. அதை ஆட்களே கையால் சுற்றித் தூக்கினார்கள். அவர்களுள் தாத்தாவும் ஒருவர். அவர் உள்ளங்கை காய்த்துப்போய்த் தேங்காய் ஓடு போல இருக்கும். அந்தக் கையால் குட்டு வாங்காத பேரப்பிள்ளை எங்கள் வீட்டில் கிடையாது. குட்டுக்குப் பின்னால் கடலை மிட்டாய் வரும் என்பதால் நாங்கள் அதைப் பெரிதாக எண்ணியதில்லை!

1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகள் ரயில் ஒன்றைக் கடல் கொண்டது. பாம்பன் பாலத்தின் இரும்புக் கர்டர்களில் பெரும்பாலானவை கடலில் விழுந்தன. அவற்றைத் தேடி எடுத்து, மறுபடியும் தூண்களில் ஏற்றி, 46 நாட்களில் பாலத்தைச் சீராக்கினார்கள். பொறியாளர் ஸ்ரீதரன் அவர்களின் பெயரை எல்லோரும் அறிவோம். அவருக்குக் கீழே இரவு பகலாக உழைத்தவர்களில் எங்கள் தாத்தாவும் இருந்தார்.

அந்த 46 நாட்களுக்குள்தான், மண்டபத்தில் அப்பத்தாவின் தாய்வீட்டில், எங்கள் பெரிய அத்தை பிறந்தார். தாத்தா வந்து பார்த்தபோது குழந்தைக்கு 17 நாள். "பெத்த பிள்ளையைவிடப் பாலம் பெருசாப் போச்சு இவருக்கு" என்று அப்பத்தா 50 வருடங்களுக்கு மேலாகச் சொல்லிக் காட்டினார். தாத்தா ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. அத்தையை ஆசிரியப் பயிற்சி வரை படிக்க வைத்ததும், "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குப் படிப்பு" என்று கேட்க வந்த பங்காளிகளை வாசலோடு அனுப்பியதும் அந்த 17 நாட்களுக்கான பிராயச்சித்தமோ என்று எனக்குத் தோன்றும்.

2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அப்போது தாத்தா படுக்கையில் இருந்தார், காதும் மந்தம். மாலையானால், "ஏ புள்ள, வண்டி போயிருச்சா?" என்பார். "இப்பத்தாங்க போச்சு" என்பார் அப்பத்தா. பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று எங்களை மிரட்டும் அதே அப்பத்தா! எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள், "வண்டி நின்னு மூணு மாசமாச்சு தாத்தா" என்று அவர் காதருகே உரக்கச் சொல்லிவிட்டேன். தாத்தா என்னைப் பார்க்கவில்லை; அப்பத்தாவைப் பார்த்தார். அப்பத்தா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மாலை தாத்தா வழக்கம்போலக் கேட்டார்.

"வண்டி போயிருச்சா?"

"இப்பத்தாங்க போச்சு."

"நேரத்துக்குப் போயிருச்சு" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த ஆண்டே அவர் காலமானார்.

2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டபின், அப்பத்தாவை ராமேசுவரத்தில் ரயிலேற்றி அழைத்துச் சென்றோம். பக்கத்திலேயே பழைய பாலம் துருவேறி நின்றது. நெடுக அதையே பார்த்துக்கொண்டு வந்த அப்பத்தா, மண்டபம் நெருங்கும்போது மெல்லச் சொன்னார்: "பதினேழு நாளுதான். அதுக்குப் போயி எம்புட்டுப் பேசிட்டேன் அவர!"